மில்லில் ரஷ்ய ஆன்டிவைரஸ், சீன மெஷின்: எதைக் கழற்றுவது, எதை விடுவது?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு நவீன அரிசி ஆலை இருக்கிறது. அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்து கொடுக்கிறோம், கொஞ்சம் சொந்த வியாபாரமும் உண்டு. கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. ஆபீஸில் உள்ள மூன்று கம்ப்யூட்டரிலும் ரஷ்யக் கம்பெனியான காஸ்பர்ஸ்கியின் ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோம். எடைமேடையில் இருப்பது பழைய விண்டோஸ் 7. கேமராக்கள் சீனக் கம்பெனி. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷினும் சீனாதான். கோளாறு வந்தால் இன்ஜினீயர் எங்கிருந்தோ நெட் வழியாக உள்ளே வந்து செட்டிங் பார்த்துத் தருகிறார். பொங்கலுக்கு வந்த என் அண்ணன் மகன் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறான். “அமெரிக்காவிலேயே தடை போட்டுட்டாங்க, நாளைக்கு இங்கேயும் வரும், எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மாமாவோ, “நம்ம மில்லுல உளவு பார்க்க என்ன இருக்கு, தவிடும் உமியும்தானே” என்கிறார். யார் சொல்வது சரி? ஆன்டிவைரஸ் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கலாமா?

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

தேதி குறித்த விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம். கேமராவையும் சார்ட்டரையும் கழற்ற வேண்டாம், அவற்றின் நெட் இணைப்பைக் கழற்றினாலோ தனியாக்கினாலோ போதும். முதலில் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்று உங்கள் மில்லில் இருக்கிறது. அது சீனாவும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. எடைமேடை அறையில் இருக்கிற அந்த விண்டோஸ் 7. உங்கள் அண்ணன் மகன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை போலிருக்கிறது.

இனி காரணங்கள். மாமாவின் கேள்விக்கும் வருகிறேன். அவர் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் அது நல்ல கேள்வி.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். 2017 செப்டம்பரில் அந்நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, தன் மத்திய அரசு அலுவலகங்களில் காஸ்பர்ஸ்கி எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, 90 நாளில் நீக்கும் வேலையைத் தொடங்கச் சொன்னது. அப்போது அது அரசு அலுவலகங்களோடு நின்றது. 2024 ஜூன் 20 அன்று வணிகத் துறை எல்லாருக்குமாக ஒரு தடை போட்டது. ஜூலை 20 முதல் அந்நாட்டில் புதிதாக விற்கக் கூடாது. செப்டம்பர் 29க்கு மேல், ஏற்கெனவே பணம் கட்டி வாங்கியவர்களுக்கும் அப்டேட் அனுப்பக் கூடாது. வைத்திருப்பவர் மேல் வழக்கு, அபராதம் எதுவும் கிடையாது என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தடை விற்பவருக்குத்தான். அந்தச் சட்டம் நீடாமங்கலம் வரை வராது. நம் ஊர்க் கடைகளில் அதை வெளிப்படையாகத்தான் விற்கிறார்கள், நீங்கள் வாங்கியதில் ஒரு குற்றமும் இல்லை.

சரி, ஏன் ஆன்டிவைரஸ் மேல் இவ்வளவு சந்தேகம்? ஆன்டிவைரஸ் என்பது மில்லின் எல்லாச் சாவியும் இடுப்பில் தொங்க, ராத்திரி முழுக்க ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கும் காவல்காரர். திறந்து பார்ப்பதுதான் அவர் வேலை. சந்தேகப்படும்படி ஒரு ஃபைல் கண்ணில் பட்டால் அதன் பிரதியைத் தன் தலைமையகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் வசதியும் அதில் உண்டு. காஸ்பர்ஸ்கி மட்டும் என்றில்லை, பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் அப்படித்தான். தலைமையகம் மாஸ்கோவில் இருந்து, அந்த அரசாங்கம் “கொடு” என்றால் கம்பெனியால் மறுக்க முடியுமா என்பதுதான் அமெரிக்காவின் கேள்வி. கம்பெனி மறுத்துக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் தரவைச் சோதிக்கும் வேலையில் ஒரு பகுதியை சுவிட்சர்லாந்துக்கு மாற்றியது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் மூலநிரலைத் திறந்து காட்டவும் தயார் என்றது. அமெரிக்கா சமாதானம் ஆகவில்லை. தன்னிடம் இருக்கும் ஆதாரம் முழுவதையும் வெளியே வைக்கவும் இல்லை.

இந்தக் கதையில் எனக்குச் சுவாரசியமான பகுதி ஒன்று உண்டு. அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த ஒருவர், ரகசிய ஃபைல்களைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதில் காஸ்பர்ஸ்கி இருந்தது. 2014 வாக்கில் அந்த ஃபைல்களை வைரஸ் என்று பிடித்து, பிரதி எடுத்து, தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டது. உண்மையில் அவை வைரஸ் போன்றவைதான், உளவு அமைப்பே தயாரித்த ஹேக்கிங் கருவிகள். பார்த்ததும் அழித்துவிட்டோம் என்றது கம்பெனி. ரஷ்ய உளவாளிகள் கைக்குப் போயிற்று என்றன 2017இல் வந்த செய்திகள். இதோடு கம்பெனி இன்னொன்றும் சொன்னது: அதே கம்ப்யூட்டரில் திருட்டு மைக்ரோசாப்ட் ஆபீஸை இயக்கப் போட்ட கள்ளச் சாவி மென்பொருள் ஒன்று இருந்ததாம், அதற்குள்ளேயே யாரும் நுழையும்படி ஒரு பின்வாசல் திறந்திருந்ததாம். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எக்ஸலும் வேர்டும் எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உளவு சம்பந்தப்பட்ட இந்தச் சண்டையில் யார் சொல்வது உண்மை என்று தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது நமக்குத் தேவையும் இல்லை. நம்மைத் தொடும் விஷயம் வேறு. 2024 செப்டம்பரில், தடை முழுதாக அமலுக்கு வரும் சமயம், அமெரிக்காவில் பலர் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கியைக் காணோம். அந்த இடத்தில் அல்ட்ராஏவி என்று கேள்விப்படாத ஒன்று தானாகவே உட்கார்ந்திருந்தது. கம்பெனி தன் வாடிக்கையாளர்களை இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றியிருந்தது. மின்னஞ்சலில் முன்கூட்டியே தெரிவித்தோம் என்றார்கள், ஆனால் இப்படி ராவோடு ராவாகப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. அப்டேட் என்ற பெயரில் ஒரு கம்பெனிக்கு நாம் கொடுத்து வைத்திருக்கிற அதிகாரம் இவ்வளவு. நல்லவர் கையில் இருந்தாலும் அதே அதிகாரம்தான்.

தடை என்றால் நம்மவர்களுக்குக் கண்முன் வருவது 2020. சீன எல்லையில் கல்வானில் நம் வீரர்கள் இறந்த இரண்டே வாரத்தில், ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் 59 சீனச் செயலிகளுக்குத் தடை. எல்லாரும் டிக்டாக்கைப் பற்றியே பேசினார்கள். கடைக்காரருக்கும் மில்காரருக்கும் உறைத்தது அதே பட்டியலில் இருந்த கேம்ஸ்கேனரும் ஷேர்இட்டும்தான். லாரி ரசீது, எடைச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து கேம்ஸ்கேனருக்குள்ளேயே வைத்திருந்தவர்கள் டெல்டாவில் எத்தனை பேர்! அரசாங்கம் முன்னறிவிப்புக் கொடுத்து, நாள் குறித்து, பிறகு தடை போடவில்லை. ராத்திரி அறிவிப்பு வந்தது, ஓரிரு நாளில் பிளே ஸ்டோரில் இல்லை. டிக்டாக் நாட்டியத்தை இழந்தவர்கள் வேறு செயலிக்குப் போய்விட்டார்கள். ரசீதை உள்ளே வைத்தவர்கள்தான் ஆடிட்டரிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

ஆக, அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. தடை எந்த நாட்டுப் பொருளுக்கும், எந்த நேரமும் வரலாம். ரஷ்யா, சீனாவுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2014இல் சீனா தன் மத்திய அரசு வாங்கும் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 8 கூடாது என்றது. நம் நாட்டிலேயே போன வருடம் நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மேல் பொருளாதாரத் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அவர்களுடைய மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்திவிட்டது. ஆலை இந்தியாவில், மென்பொருள் அமெரிக்காவுடையது, தடை போட்டது ஐரோப்பா. பணம் கட்டி வாங்கிய சேவை, சொந்தத் தரவு. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது, சில நாளில் சேவை திரும்ப வந்தது. அவர்களுக்கு வக்கீல் பட்டாளம் உண்டு. அரவை மில்லுக்கு?

அண்ணன் மகன் தவறவிட்ட மீதிப் பாதி, “வெளிநாட்டுப் பொருளைத் தூக்கிப் போட்டால் பத்திரம்” என்ற நினைப்பு. இதற்கு உக்ரைனில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு எழுதுகிற நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

நம் ஊரில் டேலி போல, உக்ரைன் கடைகளிலும் ஆபீஸ்களிலும் ரஷ்யாவின் 1சி என்ற கணக்கு மென்பொருள் பரவலாக இருந்தது. 2017 மே மாதம் உக்ரைன் அதிபர் போரோஷென்கோ அதற்குத் தடை போட்டார். அதே ஆணையில் காஸ்பர்ஸ்கியும் உண்டு, ரஷ்யத் தேடுதளமான யாண்டெக்ஸும் உண்டு. நியாயமான பயம்தான், இரு நாட்டுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, உக்ரைனின் வங்கிகள், ஆபீஸ்கள், கடைகள் என்று கம்ப்யூட்டர்கள் வரிசையாகச் செத்து விழுந்தன. நாட்பெட்யா என்று பெயர் பெற்ற அந்த அழிவு நிரல் உள்ளே வந்த வழி எது தெரியுமா? எம்.இ.டாக் என்ற வரிக்கணக்குத் தாக்கல் மென்பொருள். அசல் உக்ரைன் தயாரிப்பு. அதை ரஷ்யப் பொருள் என்று யாரும் சந்தேகப்படவே முடியாது. தாக்கியவர்கள் அந்தக் கம்பெனியின் அப்டேட் சர்வருக்குள் மாதக்கணக்கில் முன்பே புகுந்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான அப்டேட் போலவே எல்லாருக்கும் போனது, எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் அமெரிக்காவும் பிரிட்டனும் இதை ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அறிவித்தன.

உக்ரைனில் ஒரு கிளை வைத்திருந்த பாவத்துக்கு மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று அதன் தலைவர் பிறகு சொன்னார். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, யார் எதைத் திறக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கும் மூலச் சர்வர்கள் எல்லாமே அழிந்திருந்தன, ஒன்றைத் தவிர. அது கானாவில் இருந்தது. தாக்குதல் நடந்த நேரம் அங்கே கரண்ட் கட். நெட்டில் இல்லாததால் பிழைத்தது, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் மீண்டது. நம் ஊரில் கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டுகிறோம், அங்கே ஒரு உலகக் கம்பெனியையே காப்பாற்றியிருக்கிறது.

இதனால்தான் ஒரு மென்பொருள் எந்த நாடு என்று நான் முதலில் கேட்பதில்லை. வெளியிலிருந்து அதன் வழியாக உள்ளே வர யாருக்கு வழி இருக்கிறது, நாளைக்கே அது நின்றுபோனால் எந்த வேலை நிற்கும், இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன். நாடு அதற்கு அப்புறம். இதை வைத்து உங்கள் பொருள்களைப் பார்ப்போம்.

எடைமேடைக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்றோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. அமெரிக்கா காஸ்பர்ஸ்கிக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்: அப்டேட் வராது. உங்கள் அண்ணன் மகன் எதற்குப் பயப்படுகிறானோ அது எடைமேடை அறையில் ஆறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது, எந்த அரசும் தடை போடாமலே. 2017 மே மாதம் 150 நாடுகளில் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பெரும்பாலும் பிடித்தது விண்டோஸ் 7 மெஷின்களைத்தான். அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். உங்களுக்குப் போட நினைத்தாலும் இனி புதிதாக எதுவும் வராது.

மாற்றுவது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். எடைமேடை மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் பழைய ஆள், அதைத் திறக்கச் சாவி போல் மாட்டும் டாங்கிள் புதிய விண்டோஸில் வேலை செய்யுமா என்று சந்தேகம், எடைக்கருவியிலிருந்து வரும் ஒயர் பழைய சீரியல் போர்ட். அதனால் எல்லாரும் “ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட் ஒயரை உருவிவிடுங்கள். வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள். எடை போட்டு ரசீது அடிக்க நெட் தேவையில்லை. அன்றைய எடைக் கணக்கை ஆபீஸுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பென் டிரைவை ஒதுக்குங்கள், டிரைவர் பையன் அதில் பாட்டு ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பா அரவை நெருக்கடி முடிந்ததும், கோடையில் மில் சற்று ஓயும்போது, எடைமேடைக்காரரைக் கூப்பிட்டுப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டால் அவரும் கிடைக்க மாட்டார், உங்களுக்கும் நேரம் இருக்காது.

அடுத்தது கலர் சார்ட்டர். தடை என்று ஒன்று வந்தால் உங்கள் மில்லை உண்மையிலேயே நிறுத்தக்கூடியது இதுதான். சரிவில் வழுக்கி வரும் அரிசியைக் கேமரா பார்க்கிறது, கருப்பு மணியோ பழுப்போ சுண்ணாம்பு வெள்ளையோ வந்த கணத்தில் காற்று ஊதித் தள்ளுகிறது. எந்த நிறத்தை எவ்வளவு கண்டிப்பாகத் தள்ளுவது என்பதெல்லாம் திரையில் உள்ள எண்கள். ஆடுதுறை 45 ரகத்துக்கு வைத்த எண் சி.ஆர். 1009 ரகத்துக்கு ஒத்து வராது. கண்டிப்பு கூடினால் நல்ல அரிசியும் கழிவோடு போகும், குறைந்தால் கருப்பு மணி மூட்டைக்குள் போய்க் கழகத்தில் திருப்பி அனுப்புவார்கள். பல மில்களில் இந்த எண்கள் யாருக்கும் தெரியாது. தகராறு என்றால் இன்ஜினீயருக்கு வாட்ஸ்அப், அவர் தூரத்திலிருந்து உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போவார். அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், பெரும்பாலும் மெஷினோடு வந்த, சிம் போட்ட நெட் டாங்கிளோ, ஆபீஸ் நெட்டிலிருந்து இழுத்த ஒயரோ.

இதற்கு லிதுவேனியா செய்ததை நான் மெச்சுகிறேன். ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நாடு. சூரிய ஒளி, காற்றாலை மின்நிலையங்களில் சீன இன்வர்ட்டர்கள் நிறைய. எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று சொன்னால் கட்டுப்படியாகாது. அதனால் 2024 நவம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள்: 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களைச் சீனாவிலிருந்து தொலைதூரத்தில் இயக்கும் வழி இருக்கக் கூடாது. மெஷின் இருக்கலாம், கயிறு அவர்கள் கையில் இருக்கக் கூடாது. உங்கள் சார்ட்டருக்கும் அதேதான். டாங்கிளைக் கழற்றி மேஜை டிராயரில் வையுங்கள். இன்ஜினீயர் தேவைப்படும்போது போனில் பேசி, அவர்தான் என்று உறுதி செய்து, நீங்களோ ஆபரேட்டரோ பக்கத்தில் நின்றுகொண்டு டாங்கிளை மாட்டுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி கழற்றுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில், தூரத்திலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போட்டு அதன் வழியாக வருகிறார் என்றால் இன்னும் கவனம். அது ஜெர்மன் தயாரிப்பு, நான் சொன்ன தடைகள் எதிலும் இல்லை, ஆனாலும் அதை வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019இல் எச்சரித்தது. வங்கிக் கணக்கு திறக்கும் கம்ப்யூட்டரில் அது இருக்கவே கூடாது.

கூடவே, ஒவ்வொரு ரகம் ஓடும்போதும் சார்ட்டர் திரையைப் போட்டோ எடுக்கும்படி ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். ரகம், பச்சரிசியா புழுங்கலா, எந்த எண்ணில் நன்றாக வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். ஒரு சாகுபடிப் பருவம் எழுதினால் பாதிக்கு மேல் இன்ஜினீயர் தேவைப்படாது. மெஷின் தவணையில் வாங்கியதா? பணம் கட்டி முடியும் வரை, குறித்த நாளில் தானாக நின்றுவிடும்படி ஒரு பூட்டு எண் போட்டுக் கொடுக்கிற பழக்கம் சில விற்பனையாளர்களுக்கு உண்டு. பணம் கட்டி முடித்திருந்தால், பூட்டு நிரந்தரமாக எடுக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். தடையோ சண்டையோ வந்து அந்தக் கம்பெனி இங்கே கடையைக் கட்டிவிட்டால், அந்த எண்ணைக் கேட்டு எங்கே போவீர்கள்?

கேமரா விஷயம் சுருக்கமாக. 2025 ஏப்ரல் 9 முதல் நம் நாட்டில் புதிதாக விற்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. அது விற்பனைக்கான விதி. நீங்கள் ஏற்கெனவே மாட்டியதைக் கழற்றச் சொல்லவில்லை. அடுத்த கேமரா வாங்கும்போது அந்தச் சோதனைக்கான எஸ்.டி.க்யூ.சி. சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரின் பாஸ்வேர்டை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள். மாட்டியவர் எல்லா மில்லுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருப்பார். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கிய மிராய் தாக்குதல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட இதே மாதிரிக் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் வைத்து நடத்தியதுதான். வீட்டிலிருந்து போனில் மில்லைப் பார்ப்பது மாமாவுக்குப் பிடித்த பொழுதுபோக்காக இருக்கலாம். அந்த வசதி கம்பெனியின் சர்வர் வழியாக வருகிறது. வேண்டும் என்றால் கேமராவுக்கு மட்டும் தனி நெட் இணைப்புப் போடுங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டாம். வேண்டாம் என்றால் அந்த வசதியை டி.வி.ஆரில் அணைத்துவிடலாம். உள்ளே பதிவாவது வழக்கம்போல் பதிவாகும்.

இப்போது மாமாவுக்கு. ஐயா, உங்கள் தவிடு உமியை எந்த நாட்டு உளவாளியும் தேடி வர மாட்டான், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று மருமகளிடம் கேட்டுப் பாருங்கள். சொந்த வியாபாரத்துக்கு நெல் கொடுத்த விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல். கும்பகோணத்து வியாபாரி எவ்வளவு பாக்கி, காரைக்கால்காரர் எந்த விலைக்கு வாங்குகிறார் என்ற கணக்கு. மில்லின் வங்கிப் பாஸ்வேர்டு. இவை உளவாளிக்குக் குப்பை, திருடனுக்குத் தங்கம். டேலி ஃபைல்களைப் பூட்டிவிட்டு “பணம் அனுப்பு, திறக்கிறேன்” என்று திரையில் எழுதிவைக்கும் கூட்டம் நாடு பார்த்தா வருகிறது? விவசாயி நம்பிக் கொடுத்த ஆதார் நகல் வெளியே போனால் பொறுப்பு மில்லுக்குத்தான். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாதிப் பேருடைய நகல் இன்னும் தேவையா என்றும் பாருங்கள், தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.

டேலிக்கு வெளியே ஒரு பிரதி எப்போதும் இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை டேலி ஃபோல்டரையும் எடைக் கணக்கையும் அதில் ஏற்றி, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்தால் ஆபீஸ் ஃபைலோடு சேர்த்து அதையும் திருடன் பூட்டிவிடுவான். கானாவில் கரண்ட் இல்லாமல் கிடந்த சர்வர் பிழைத்த மாதிரி, ஒயர் இல்லாமல் கிடக்கும் டிஸ்க்தான் பிழைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி டேலி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காத பிரதியை வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழகத்துக்கும் வங்கிக்கும் போகும் முக்கிய மின்னஞ்சல்களையும் அச்செடுத்தோ சேமித்தோ வையுங்கள், நயாரா கதைதான் காரணம்.

கழகத்தோடு நீங்கள் போட்ட அரவை ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கேமராவோ மென்பொருளோ இன்ன மாதிரி இருக்க வேண்டும் என்று அதில் ஏதாவது இருந்தால் நான் சொல்வதை விட அதுதான் முக்கியம். அரசாங்கம் தன் கொள்முதலுக்குப் போடும் நிபந்தனை ஒப்பந்தக்காரர் வரைக்கும் இறங்கி வருவது புதிதில்லை.

கடைசியாக ஆன்டிவைரஸ். அது உளவு பார்த்தது என்று சொல்லி நான் உங்களைப் புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் கட்டும் பணத்துக்கு லைசென்ஸ் காலம் முழுக்க அப்டேட் வருமா என்பதுதான் கணக்கு. பல நாடுகள் முகம் சுளிக்கும் கம்பெனி, அதற்குப் பணம் போகும் வழி, ஆள் கிடைக்கும் வழி எப்போது வேண்டுமானாலும் சிக்கலாகலாம். அதே நேரம் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் இலவசம், அரவை மில் ஆபீஸுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மூன்று கம்ப்யூட்டரும் விண்டோஸ் 11தானா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டது. ஏதாவது ஒன்றில் 10 இருந்தால், ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை அதை மாற்றப் போடுங்கள்.

லைசென்ஸ் முடிவதற்கு ஒரு நாள் முன்பு, தானாகப் புதுப்பிக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, கன்ட்ரோல் பேனல் வழியாகக் காஸ்பர்ஸ்கியை நீக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் பச்சை டிக் தெரிய வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல், முதலில் டேலி இல்லாத கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். டிக் வரவில்லை என்றால் அண்ணன் மகனுக்குப் போன் போடுங்கள், அதற்கு அவன் போதும்.